மேட் என்று கூப்பிட்ட ஆறு வருடம்

போலீஸ்காரன் காரை ஓரங்கட்டச் சொல்லி, "லைசென்ஸ எடு, மேட்" என்றால் அபராதம் நிச்சயம். அதே ஆள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "என்ன மேட், கொஞ்சம் மெதுவா போகக்கூடாதா?" என்றால் பிழைத்தோம், வீட்டுக்குப் போகலாம். பப்பில் முன்பின் தெரியாதவன் சட்டையில் பியரைக் கொட்டிவிட்டால் "ஸாரி மேட்". அவன் மெதுவாகத் திரும்பி, "கண்ணு தெரியலையா, மேட்?" என்று கேட்டால் நாமும் சட்டைக் கையை மடித்துக்கொள்ள வேண்டியதுதான். என் மனைவி க்ளெனிஸ் செத்துப்போன அன்று என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் டெஸ் வாசலில் வந்து நின்றான். "மேட்" என்றான். தொப்பியைப் பிசைந்துகொண்டே நின்றான். அன்றைக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில், ரென்மார்க்கில் பிறந்து அறுபத்து மூன்று வருடமாக இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே குப்பை கொட்டிவிட்டேன். மன்னிப்பு, மிரட்டல், குசலம், ஒப்பாரி எல்லாம் இதற்குள் அடக்கம். இதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வார்கள், ஒருத்தரும் வெளியே சொல்லமாட்டார்கள். எதிரே நிற்பவன் பெயர் மறந்துபோனால் மேட். பெயரே தெரியாவிட்டாலும் மேட். அந்த உபயோகத்தால் நான் ஒரு நல்ல மனிதனுக்குச் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். சொல்லவே வாய் கூசுகிறது.

என் பெயர் கிளைவ் ஹெபர்ட். வூலா பன்டெலிஸ் என்கிற அம்மாளின் ஆரஞ்சுத் தோப்பில் ஃபோர்மேன். ஒவ்வொரு மே மாதமும், எங்கள் ஊரில் குளிர் தொடங்கும்போது, பசிபிக் தீவான டோங்காவிலிருந்து ஆட்கள் வந்து ஆறு மாதம் பழம் பறித்துவிட்டு நவம்பரில் ஊர் திரும்புவார்கள். முதல் வருடம் ஒன்பது பேர் மினிபஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். காலை ஏழு மணி, பனி, பக்கத்தில் டிராக்டர் கத்திக்கொண்டிருக்கிறது. வரிசையாக வந்து கை குலுக்கி ஒவ்வொருவனும் பெயரைச் சொன்னான். மூன்றாவதாக வந்தவன் கதவு அகலம் இருந்தான். என் கை அவன் கைக்குள் காணாமல் போய்விட்டது. அவன் சொன்னதில் முதல் எழுத்து 'ல' என்பது மட்டும் மனதில் நின்றது. "நல்லது மேட், அந்த ஏணியத் தூக்கிட்டு வா" என்றேன். பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் என்பதற்கு ஒரு கெடு இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் கேட்டால் தப்பில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அசடு வழியும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால், இத்தனை நாள் உன்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போல ஆகிவிடும். நானும் தந்திரமெல்லாம் செய்து பார்த்தேன். யாராவது அவனைக் கூப்பிடும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அவர்களோ ஒருவரை ஒருவர் "தோகோ, தோகோ" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது அவர்கள் ஊர் மேட். என் தலையெழுத்து! மற்ற எட்டுப் பேரிலும் சாமியு, மோசேசே என்று இரண்டு பெயர்தான் எனக்குப் படிந்தது, அதுவும் பைபிள் புண்ணியத்தில். மீதிப் பேரெல்லாம் மொத்தமாக மேட். "ஏய் மேட், பழத்தொட்டி நிரம்பிருச்சு பாரு." "மேட், காம்போட பறிக்காத, எத்தனை தடவ சொல்றது?" மரியாதையாகத்தானே கூப்பிடுகிறோம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கதவு அகல ஆள் மட்டும் நிஜமாகவே எனக்கு மேட் ஆனான். க்ளெனிஸ் செத்த வருடம் நான் சமைப்பதை விட்டிருந்தேன். டப்பாவைத் திறந்து நாயும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு கழுத்தில் டையுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பெரிய பாத்திரம், உள்ளே இலையில் மடித்து வேகவைத்த இறைச்சி.

"சாப்பிட்டியா மேட்?"

"பசிக்கல மேட்."

"உன்னைக் கேக்கல. நாயக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்தான்.

அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். இடுப்பு வலியால் நான் ஏணி ஏற முடியாமல் போனபோது யாரிடமும் சொல்லாமல் என் வேலையையும் சேர்த்துச் செய்தான். அவன் மனைவி பெயர் மேலே, மூத்த மகள் நர்ஸ் படிப்பு படிக்கிறாள், மாமியாருக்கு முழங்கால் வலி, எல்லாம் எனக்குத் தெரியும். அவன் பெயர் தெரியாது. என் போனில் அவன் எண்ணை 'பெரிய மேட்' என்று போட்டு வைத்திருந்தேன். அதுவும் இங்கே வாங்கின சிம். ஊருக்குப் போனால் செத்துப்போகும்.

பெரிய அலை வந்து அவன் வீட்டை அடித்துக்கொண்டு போன பிறகு, ஒவ்வொரு சீசனும் கொஞ்சம் கொஞ்சமாகப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். போன நவம்பரில் பஸ் ஏறும் முன் போட்டோவைக் காட்டினான். நாலு சுவர், ஜன்னல், கதவு. கூரை இருக்க வேண்டிய இடத்தில் வானம். குடும்பம் முழுக்க மச்சான் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த சீசன் கூரை, மேட். அப்புறம் நீ வந்து என் வீட்டுல சாப்பிடணும்."

"அடுத்த சீசனுக்கு உன்னைக் கூப்பிடாம வேற எவனக் கூப்பிடப் போறேன்? போய்ட்டு வா மேட்" என்றேன். வாய் கிழியச் சொன்னேன்.

அவர்கள் போன மறுவாரம் ஆலங்கட்டி மழை அடித்து நொறுக்கியது. மரத்தில் இருந்ததில் பாதி தரையில். ஜனவரியில் வூலா அடிலெய்டிலிருந்து போன் செய்தாள். அவள் அம்மாவை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், மறுநாள் ஆபரேஷன்.

"கிளைவ், இந்த வருஷம் ஒன்பது பேரு தேவைப்படாது. அஞ்சு போதும். நாலு பேர நான் டிக் பண்ணிட்டேன். அஞ்சாவது உன் இஷ்டம். ஆபீஸ் மேசையில லிஸ்ட் இருக்கு, பேருக்கு நேரா டிக் பண்ணி ஏஜென்டுக்கு அனுப்பிடு. நாளைக்குள்ள போகணும்."

"சரி" என்றேன்.

"யாரப் போடுவேன்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

லிஸ்டில் மிச்சம் ஐந்து பெயர். அதில் 'ல'வில் ஆரம்பிப்பது இரண்டு. லிசியாத்தே ஃபொனுவா. லொபெத்தி மோவாலா. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடி அவன் முகத்தை நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பாஸ்போர்ட் நகலெல்லாம் அலமாரியில் இருந்தது, சாவி வூலாவிடம். ஒரு போன் போட்டால் தீர்ந்தது. போட்டேன்.

"என்ன கிளைவ்?"

"ஒண்ணுமில்ல... அம்மா எப்படி இருக்காங்க?"

"இப்பத்தானே சொன்னேன், நாளைக்கு ஆபரேஷன்னு. என்ன ஆச்சு உனக்கு?"

"அதில்ல. சும்மா கேட்டேன்."

வைத்துவிட்டேன். 'ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து சோறு போட்டவன் பெயர் என்ன?' இந்தக் கேள்வி என் தொண்டையைத் தாண்டவில்லை. ஆறு வருடம்! அவள் சிரிப்பாள், ஊர் வந்ததும் ஒரு மாதிரி பார்ப்பாள், அந்தப் பார்வையை நினைத்தே எனக்கு வேர்த்துவிட்டது. லிசியாத்தே என்பது கொஞ்சம் நீளமாக, பெரிய ஆளுக்கு ஏற்ற பெயராகத் தோன்றியது. டிக் அடித்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு பியர் குடித்தேன். அதுதான் நான் யோசித்த லட்சணம்.

மே மாதம் மினிபஸ் வந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். சாமியு இறங்கினான், மோசேசே இறங்கினான், இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக ஒரு ஒல்லி ஆள் இறங்கினான். போன வருடம் மரத்தடியில் தூங்கும்போது நான் பூட்ஸ் காலால் தட்டி எழுப்பி, "மேட், தலையணை வேணுமா?" என்று கேட்டேனே, அவன். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"நீங்க என் பேர எழுதினீங்கன்னு சொன்னப்ப என் பொண்டாட்டி நம்பவே இல்ல! நானே நம்பல. நான் ஒண்ணும் நல்ல வேலைக்காரன் இல்ல, எனக்கே தெரியும். இந்த வருஷம் பாருங்க, தூங்கவே மாட்டேன்!" என்று அழுதான்.

நான் அவன் தோளுக்கு மேலாக பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கதவைச் சாத்தினான்.

"பெரியவன் எங்க?" என்று கேட்டேன்.

"லொபெத்தியா?" என்றான் சாமியு. "நீங்கதான் எழுதலியே."

லொபெத்தி. நாய் பஸ்ஸைச் சுற்றி மோந்துகொண்டே வந்தது.

சாமியு மூட்டையை இறக்கிவிட்டு என் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும், நான் கேக்கல. ஆனா ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? அஞ்சாவது ஆள ஃபோர்மேனே எழுதறாரு, ஃபோர்மேன் இவனோட சிநேகிதன், அவரே இவன வேணாம்னுட்டாருன்னா இவன் அங்க என்னவோ தப்பு பண்ணிருக்கான்னு. குடிச்சான்னு ஒருத்தன் சொல்றான், திருடினான்னு ஒருத்தன். சர்ச்சுல பாட்டுக் குழுவுல இருந்து நிறுத்தி வெச்சுட்டாங்க. அவன் சம்சாரம் மேலே அக்கா சந்தைக்கே போறதில்ல."

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. உங்களுக்குக் கோவம் வர்ற மாதிரி என்ன பண்ணினேன்னு எங்கிட்ட கேட்டான். எனக்கு என்ன தெரியும்?"

நான் ஷெட்டுக்குள் போய்க் காலிப் பழத்தொட்டி மேல் உட்கார்ந்தேன். குடிக்காதவன், ஒரு பழத்தைக்கூடக் கேட்காமல் எடுக்காதவன், தன் வீட்டில் உட்கார்ந்து ஆறு வருடத்தையும் ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்த்திருக்கிறான், என்ன தப்பு செய்தோம் என்று. தப்பு இங்கே உட்கார்ந்திருந்தது.

வூலாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவள் கணக்குப் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கெதுக்குன்னு விட்டுட்டேன். பேரு தெரியலையா? பேரா?"

"ஆமா."

"எங்கிட்ட கேக்க என்ன?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவள் விடவில்லை. "எங்கப்பா கிரீஸ்லேர்ந்து வந்தவரு, பேரு பனயோத்திஸ். நாப்பது வருஷம் இந்த ஊர் அவர 'நிக்'னு கூப்பிட்டுச்சு. உங்க ஊர் நாக்குக்கு அவ்வளவுதான் வளைஞ்சுது. கல்லறையில பேரப் பாத்துட்டு, 'நிக் எங்க, இது யாரு?'ன்னு எங்கிட்டயே கேட்டான் ஒருத்தன். பூவோட வந்தவன், கிளைவ். அழுதுகிட்டே கேட்டான்."

"அவன இப்ப கூப்பிட முடியுமா? என் சம்பளத்துல பிடிச்சுக்கோ."

"சம்பளமா? இந்த வருஷ லிஸ்டு முடிஞ்சுபோச்சு. அடுத்த மே மாசம்தான். முதல் பேரா அவன் பேர நானே எழுதறேன், உன்ன நம்ப மாட்டேன். வேற எடத்துலயும் இப்ப ஆள் எடுக்க மாட்டாங்க. கூரை இந்த வருஷம் கிடையாது." நம்பரை ஒரு தாளில் எழுதி என் முன்னால் தள்ளினாள். "நான் பேச மாட்டேன். நீயே பேசு. அவனோட பேரு தாள்ல இருக்கு, மறந்துட்டேன்னு சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்கள் தங்கும் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து ஐந்து பேரும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சாமியு தன் போனில் தாளில் இருந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தான். "உள்ள போய்ப் பேசறீங்களா?" என்று கேட்டான்.

"வேணாம். ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேக்கட்டும்."

மணி அடித்தது. எடுத்தான்.

"மேட்!" என்றான். என் குரலை ஒரு இருமலிலேயே கண்டுபிடித்துவிட்டான். "எப்படி இருக்கே? இடுப்பு எப்படி இருக்கு? நாய்க்கு யாரு சோறு போடறா?"

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன். லிஸ்ட், இரண்டு பெயர், வூலாவுக்குப் போட்ட போன், எல்லாம். "உன் பேரு எனக்குத் தெரியாது. ஆறு வருஷமா தெரியாது. கேக்க வெக்கமா இருந்துச்சு. தப்பான பேருக்கு டிக் அடிச்சுட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணல."

என் முதுகுப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. லிசியாத்தே. அவனை நான் மறந்தே போயிருந்தேன். எழுந்து நின்று என்னைப் பார்த்தான், கோபம்கூட இல்லை அந்த முகத்தில், சம்பளம் வாங்கப் போனவனை நீ யார் என்று கேட்டது போல நின்றான். அப்புறம் தோப்புப் பக்கமாக நடந்து போய்விட்டான். பூமி என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

போனை வாயருகே கொண்டுபோனேன்.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது." அவன் குரல் மாறியிருந்தது. "இங்க போதகர் சாப்பிட வந்திருக்காரு. என் பொண்டாட்டி மேலே இருக்கா, மச்சான் இருக்கான், குழந்தைங்க எல்லாம் இருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னத அப்படியே இன்னொரு தடவ சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சொன்னேன். ஒவ்வொரு வரியாகச் சொல்லி நிறுத்தினேன், சாமியு அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னான். 'பெயர் தெரியாது' என்ற இடத்துக்கு வந்தபோது சாமியுவே ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை சிரித்தது. அதட்டினார்கள். ஒரு கிழட்டு ஆண் குரல் ஏதோ கேட்டது.

"குடிச்சானா, திருடினானா, சண்டை போட்டானான்னு போதகர் கேக்கறாரு" என்றான் சாமியு.

"இல்ல. எங்க தோப்புல இவனவிட நல்ல ஆள் யாரும் வேலை செஞ்சதில்ல. குத்தம் முழுக்க என்னோடது. இதை அவர் சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு நான் கேட்டுக்கறேன்."

சாமியு சொன்னான். கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதன் பிறகு ஒரு பெண் குரல், மெதுவாக, நீளமாகப் பேசியது. அவன் மனைவி மேலேயாகத்தான் இருக்க வேண்டும். சாமியு தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொல்றாங்க?"

"விடுங்க."

"சொல்லுடா."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ அந்த மனுஷன் வீட்டுக்குத்தான போயிட்டிருந்தேன்னு அவன்கிட்ட கேக்கறாங்க. எங்களுக்கு அனுப்பற காசுல இறைச்சி வாங்கிட்டுப் போனது அவருக்குத்தானான்னு."

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த மே மாசம் உன் பேருதான் முதல்ல" என்றேன். "வூலாவே எழுதறா. கூரைக்கு நான் ஏதாவது..."

"வேணாம்" என்றான். சட்டென்று வந்தது. அப்புறம் கேட்டான், "இப்ப தெரியுமா?"

"என்ன?"

"என் பேரு."

"தெரியும்."

"சொல்லு. இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

தாள் என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"லொபெத்தி" என்றேன். "லொபெத்தி மோவாலா."



"அவ்வளவுதான்" என்றான் லொபெத்தி. "கஷ்டமாவா இருந்துச்சு?"

அவன் குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு, போனைச் சாமியுவின் கையில் கொடுத்தேன்.